பக்கத்து வீட்டுக் கண்ணும் லேலண்டி மரமும்

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழே அவர் குடும்பம், கூரைக்கு அடியில் இருந்த மாடி அறை எனக்கு. சமையலறை பொது. அந்தச் சமையலறையில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. மே மாதம், நல்ல வெயில், மதியம் இரண்டு மணி. லைட் போட்டால்தான் கடுகு எது, மிளகு எது என்று தெரியும். சன்னலுக்கு வெளியே பத்து மீட்டர் தோட்டம். அது முடிகிற இடத்தில் ஒரு பச்சைச் சுவர், இரண்டு மாடி உயரத்துக்கு.

"உது என்ன மரம் அண்ணை?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"லேலண்டி. பின் வீட்டு மனுசி வச்சது. நாங்க பாக்கக் கூடாதாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கட ஊர் வேலிச்சண்டை எல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது தம்பி" என்றார்.

யாழ்ப்பாணத்து வேலிச்சண்டை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும். பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டி, வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது கதியாலை ஒரு விரற்கடை அந்தப்பக்கம் தள்ளி வைத்து, அதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்த ஊர் அது. அதைவிட மோசமாக ஒரு வேலியா? சரி, என்னதான் விஷயம் என்று தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், எனக்கும் வந்தது. இந்த லேலண்டிக்கும் நம்ம அசோக் லேலண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பஸ் கம்பெனியின் பெயர் லங்காஷயரில் உள்ள லேலண்ட் என்ற ஊரிலிருந்து வந்தது. மரத்தின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயர். ஆனால் நம்மூரில் காம்பவுண்டு ஓரமாக மறைப்புக்கு வரிசையாக நடுகிற நெட்டிலிங்கத்தை எல்லாரும் அசோகா மரம் என்றுதான் சொல்கிறோம். இங்கே அசோகா, அங்கே லேலண்ட். தற்செயல்தான்.

மரத்தின் கதைக்கு முன்னால் சட்டத்தின் கதை. மரத்துக்கு வேலை வந்ததே சட்டத்தால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் சன்னலிலிருந்து உங்கள் தோட்டத்தைப் பார்க்கிறார். அதைத் தடுக்க ஆங்கிலச் சட்டத்தில் என்ன வழி? ரொம்ப காலமாக ஒரு வழியும் கிடையாது. 1610இல் ஆல்ட்ரெட் வழக்கு என்று ஒன்று. பக்கத்தில் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டான், நாற்றம் தாங்கவில்லை என்பது புகார். நல்ல காற்றும் வெளிச்சமும் தேவைகள், அவற்றைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். அழகான காட்சி வெறும் சந்தோஷம், அதற்கு வழக்கு கிடையாது என்று அதில் பிரித்தார்கள். இந்தப் பிரிவினை அப்படியே தங்கிவிட்டது. வெளிச்சம் சட்டத்துக்குள் வந்தது: 1832ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு சன்னல் இருபது வருஷம் தடையில்லாமல் வெளிச்சம் வாங்கியிருந்தால் அதை மறைத்து யாரும் கட்ட முடியாது. அந்தரங்கம் வெளியே நின்றது.

வெளியேதான் நிற்கும் என்று அடித்துச் சொன்னது 1865இல் பிரபுக்கள் சபையில் முடிந்த டாப்ளிங் எதிர் ஜோன்ஸ் வழக்கு. லண்டனில் ஒட்டியிருந்த இரண்டு கட்டிடங்களின் சன்னல் தகராறு. ஒருவர் தன் சுவரில் புதுச் சன்னல் திறப்பது குற்றமே இல்லை, பக்கத்தில் இருப்பவரின் அந்தரங்கம் போகிறது என்பது சட்டம் கவனிக்கிற நஷ்டமும் இல்லை என்றார்கள். அப்போ பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது? உன் நிலத்தில் நீ எதையாவது எழுப்பி மறைத்துக்கொள். அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இந்த ஆலோசனையைச் சொன்னபடி கேட்டவர்களின் கதை.

இதே ஆங்கிலேயர்கள் இந்தியாவில் வேறு மாதிரி எழுதினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1882ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஊர் வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றியது. அதற்கு உதாரணமாக அவர்களே கொடுத்திருப்பது, பக்கத்து வீட்டு அந்தரங்கம் கெடும்படி புதுச் சன்னல் திறக்கக் கூடாது என்று வழக்கம் உள்ள ஒரு ஊர்! 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில், பெண்கள் புழங்கும் பகுதி தெரியும்படி பக்கத்து வீட்டுக்காரர் கட்டியது தவறு என்று, அந்தரங்கத்தை வழக்கத்தால் வந்த உரிமையாக ஏற்றுக்கொண்டது. எழுதியவர் ஜான் எட்ஜ் என்ற வெள்ளைக்காரத் தலைமை நீதிபதி. சென்னை உயர்நீதிமன்றம் ஆங்கில வழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, அது தனிக்கதை. ஆனால் லண்டனில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு அலகாபாத்தில் கிடைத்தது.

அதே 1888இல்தான் லேலண்டியும் வருகிறது. இதுவும் தற்செயல்தான், ஆனால் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் பக்கத்தில் லெய்ட்டன் ஹால் என்று ஒரு பண்ணை மாளிகை. லிவர்பூல் வங்கிப் பணம். ஜான் நெய்லர் என்பவருக்கு அது மாமா வழியாக வந்தது. விக்டோரியா காலத்துப் பணக்காரர்களுக்கு இருந்த பைத்தியம் அவருக்கும் இருந்தது: உலகத்தில் எங்கே ஊசியிலை மரம் இருந்தாலும் கொண்டுவந்து நடுவது. அப்படி நட்டதில் இரண்டு சைப்ரஸ் வகைகள். ஒன்று நூட்கா சைப்ரஸ், வட அமெரிக்க மேற்குக்கரையில் அலாஸ்கா பக்கத்துக் குளிர் மரம். இன்னொன்று மாண்ட்ரே சைப்ரஸ், கலிஃபோர்னியாவில் கடலோரமாக இரண்டே இரண்டு சின்னத் தோப்புகளில் இயற்கையாக நின்றது. (நீலகிரிக்கும் வந்து சேர்ந்த மரம் இது.) சொந்த ஊரில் இவை இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல். லெய்ட்டனில் கூப்பிடு தூரம். காற்று மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. 1888இல் நூட்கா மரத்திலிருந்து எடுத்த விதைகளில் ஆறு நாற்றுகள் வித்தியாசமாக முளைத்தன.

1889இல் ஜான் நெய்லர் இறந்தார். மகன் கிறிஸ்டஃபருக்கு 1891இல் நார்தம்பர்லாந்தில் ஹாகர்ஸ்டன் காசில் என்ற இன்னொரு சொத்து வந்தது. சொத்தோடு பெயரும் வந்தது: நெய்லராக இருந்தவர் லேலண்ட் ஆனார். லெய்ட்டனைத் தம்பிக்கு விட்டுவிட்டு, 1892இல் அந்த ஆறு கன்றுகளையும் எடுத்துக்கொண்டு வடக்கே போனார். இந்த ஆள் சும்மா மரம் நட்டுக்கொண்டு இருந்தவர் இல்லை. நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த பார்சன்ஸின் கூட்டாளி. 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், அதுவரை உலகம் பார்க்காத வேகத்தில் டர்பினியா என்ற படகு போர்க்கப்பல்களுக்கு நடுவே புகுந்து ஓடியதே, அதில் சுக்கான் பிடித்தவர் இவர்தான். உலகத்திலேயே வேகமான படகை ஓட்டியவர் பெயர் இங்கிலாந்திலேயே வேகமாக வளரும் வேலி மரத்துக்கு. ஹாகர்ஸ்டன் இன்று கேரவன்கள் நிற்கும் விடுமுறை முகாம்.

1911இல் லெய்ட்டனில் திரும்பவும் நடந்தது, இந்த முறை தலைகீழாக, மாண்ட்ரே தாயாக. இரண்டு நாற்றுகள். 1926இல் லண்டன் கியூ தோட்டத்து ஆட்கள் விவரித்து லேலண்ட் பெயரை வைத்தார்கள். அதற்கப்புறமும் பல வருஷம் இது சில பண்ணைகளில் மட்டும் இருந்த அபூர்வ மரம்தான். காரணம் எளிது: கலப்பினம், விதையை நம்பி நாற்று விட முடியாது. கிளையை வெட்டி வேர்விடச் செய்ய வேண்டும், சைப்ரஸ் கிளை லேசில் வேர்விடாது. 1950களில் நாற்றங்கால்களில் மூடுபனி மாதிரி தண்ணீர் தெளிக்கும் முறை பரவியதும் அந்தத் தடை உடைந்தது. பத்தாயிரக்கணக்கில் கன்றுகள். இன்று இங்கிலாந்து வேலிகளில் நிற்பவை எல்லாம் ஒரு கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடிய சில தாய்மரங்களின் நகல்கள். மஞ்சள் சாயலில் இருந்தால் அது வட அயர்லாந்தின் காஸில்வெல்லன் தோட்டத்தில் 1960களில் வந்த வகையாக இருக்கலாம்.

கன்று கிடைக்க ஆரம்பித்துவிட்டது. வாங்க ஆள்?

முதல் உலகப்போர் முடிகிற நேரம், 1918இல், டியூடர் வால்டர்ஸ் குழு அறிக்கை கொடுத்தது. எதிரெதிர் வீட்டு வரிசைகளுக்கு நடுவே எழுபது அடி இடைவெளி வேண்டும் என்றது. குளிர்காலத்தில் கீழ்த்தளத்துக்கும் கொஞ்சம் வெயில் விழவேண்டும் என்பது கணக்கு. கவனியுங்கள், இதுவும் வெளிச்சக் கணக்குதான். பின்னால் பல கவுன்சில்கள் அதே எழுபது அடியை, மீட்டரில் 21, சன்னலுக்குச் சன்னல் அந்தரங்க இடைவெளியாக எடுத்துக்கொண்டன. இரண்டு வீடு, நடுவே முதுகோடு முதுகாக இரண்டு தோட்டம், ஆளுக்குச் சுமார் பத்து மீட்டர். அடுத்தவர் மாடிச் சன்னலைத் திறந்தால் உங்கள் துணிக்கொடி, உங்கள் நாற்காலி, அதில் நீங்கள். மறைக்கலாம் என்றால் மரப்பலகை வேலி இரண்டு மீட்டருக்கு மேல் போனால் பிளானிங் அனுமதி வேண்டும். சுவருக்கும் அப்படியே. ஆனால் செடி கொடி மரம் எந்த உயரத்துக்கு வளர்ந்தாலும் அனுமதி வேண்டாம்!

இந்த ஓட்டையில்தான் லேலண்டி நுழைந்தது. வருஷத்துக்கு ஒரு மீட்டர் வரை வளரும். குளிர்காலத்திலும் இலை உதிராது. விலை மலிவு. ஆறு கன்று வாங்கி நட்டுவிட்டு நாலு வருஷம் பொறுத்தால் யாரும் உங்களைப் பார்க்க முடியாது. 1970களிலும் 80களிலும் கார்டன் சென்டர்களில் இதுதான் ஓடிய சரக்கு. வெட்டாமல் விட்டால் எங்கே நிற்கும் என்று விற்றவர் சொன்னாரோ இல்லையோ, முப்பது மீட்டரைத் தாண்டிப் போகிற மரம் இது.

இன்னொரு குணமும் உண்டு, அதுதான் பெரிய வில்லன். லேலண்டியின் பச்சை வெளித்தோலில் மட்டும்தான். உள்ளே பழுப்புக் குச்சி. பழுப்பு வரை வெட்டிவிட்டால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது, காய்ந்த முதுகு மாதிரி நிற்கும். எல்லைக்கு மேல் நீட்டிய கிளையை வெட்டிக்கொள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று பிரபுக்கள் சபை 1890களிலேயே சொல்லிவிட்டது. சரி என்று வெட்டினால், காலத்துக்கும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது அந்தப் பழுப்பை. உச்சியைத் தொட அவருக்கு உரிமை இல்லை. வெளிச்சம் போவது உச்சியால்.

1832ஆம் வருஷத்துச் சட்டம் உதவாதா? அது கட்டிடத்தின் சன்னலுக்கு, தோட்டத்துக்கு இல்லை. சுவர் எழும்பினால் தேதி சொல்லலாம். மரம் தினமும் கொஞ்சம் வளர்கிறது, என்றைக்கு வெயில் போனது என்று சொல்வது? அந்தரங்கத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய நாட்டில் இப்போது தோட்டத்து வெயிலும் வெளியே வந்து நின்றது.

அப்புறம் சண்டைதான். இரவில் வேரில் விஷம் ஊற்றியவர்கள், ஊருக்குப் போன சமயம் பார்த்து ரம்பத்தோடு இறங்கியவர்கள், இருபது வருஷம் கோர்ட்டில் கிடந்தவர்கள். 1990களின் கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஹெட்ஜ்லைன் என்று ஒரு சங்கமே வைத்தார்கள். 2001இல் வேல்ஸில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். லேலண்டி வேலித் தகராறு என்று செய்திகள் வந்தன. இடம் போவிஸ் மாவட்டம். லெய்ட்டன் ஹால் இருப்பதும் அதே போவிஸில்தான்.

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொண்டுவந்த மசோதாக்கள் முடிவுக்கு வராமல் செத்தன. கடைசியில் 2003ஆம் வருஷத்துச் சமூக விரோத நடத்தைச் சட்டத்தில் எட்டாம் பகுதியாக உயர வேலி ஏறியது. போதைமருந்து விற்கும் வீடுகளை மூடுவது, ஏர்கன், சுவர்க் கிறுக்கல் இதெல்லாம் உள்ள சட்டம் அது. அவற்றோடு சைப்ரஸ் மரமும். இங்கிலாந்தில் 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. வட அயர்லாந்து 2011இலும் ஸ்காட்லாந்து 2013இலும் தனிச் சட்டம் போட்டன.

இங்கிலாந்துச் சட்டத்தைப் படித்தால், எவ்வளவு தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரம் வரிசையாக இருக்கணும், ஒற்றை மரம் சேராது. பசுமை மாறாத மரமாக இருக்கணும், இலையுதிர் மரம் சேராது. இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கணும். முதலில் நீங்களே பேசித் தீர்க்கப் பார்த்திருக்கணும். புகார் கொடுப்பவர்தான் கவுன்சிலுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கட்டணம் கட்டணும். கவுன்சில் உயரத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் இரண்டு மீட்டருக்குக் கீழே போகச் சொல்லவோ, பிடுங்கச் சொல்லவோ முடியாது.

எவ்வளவு உயரம் சரி என்பதற்குக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தோட்டத்தின் ஆழத்தைத் திசைக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். வேலி தோட்டத்துக்குத் தெற்கே இருந்தால் 0.25. வடக்கே இருந்தால் 0.65. பத்து மீட்டர் தோட்டத்துக்குத் தெற்கே நிற்கும் வேலி 2.5 மீட்டரைத் தாண்டினால் வெளிச்சக் குறைவு உண்டு. அதே வேலி வடக்கே நின்றால் 6.5 மீட்டர் வரை விடலாம். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதானே போகிறது.

இதைப் படித்த அன்று ஒரு தாளை எடுத்து எதிர்க் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மறைக்க எவ்வளவு உயரம் வேண்டும்? மாடிச் சன்னலில் நிற்பவர் கண் தரையிலிருந்து சுமார் 4.3 மீட்டர். தன் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் தலை 1.2 மீட்டர். வேலி சரியாக நடுவில், இரண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர். பார்வைக் கோடு நடுவில் கடக்கும் உயரம் இரண்டின் சராசரி: 2.75 மீட்டர். வெயிலுக்கு 2.5, மறைப்புக்கு 2.75. ஒரு ஜாண்தான் வித்தியாசம்! எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்தப் போவிஸ் ஆளை நினைத்துச் சிரிப்பு போனது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டு வெட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். ஆனால் மரம் வைக்கும்போது நாற்பது வயசு, ஏணி ஏற முடியாதபோது எழுபது வயசு. மரத்துக்கு மட்டும் வயசாகவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெயிலுக்கு இன்று சூத்திரம் இருக்கிறது, அந்தரங்கத்துக்கு இல்லை. வேலி வைத்தவரின் அந்தரங்கத்தையும் கவுன்சில் எடை போடத்தான் வேண்டும், ஆனால் எடைக்கல் கிடையாது. 2023இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு படி நகர்ந்தது. லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பத்தாவது மாடியில் 2016இல் திறந்த பார்வை மேடையிலிருந்து, எதிரே உள்ள கண்ணாடி அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வருஷத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் எட்டிப்பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கீழ்க் கோர்ட்டில் திரைச்சீலை போட்டுக்கொள்ளலாமே என்ற அளவில் போனது வழக்கு. 1865இன் குரல் அப்படியே. உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் குடியிருப்போர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது ஊரையே கூப்பிட்டுப் பார்க்கவிட்டதற்கு. சாதாரணமாக ஒரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீடு தெரிவது இன்றும் வழக்கு ஆகாது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால் ஒரு நாள் பின் தெருவில் அந்த அம்மாவைப் பார்த்தேன். எழுபத்தைந்து இருக்கும். எந்த வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "அந்த மாடி அறையா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தச் சன்னல் வந்த வருஷம்தான் நான் மரம் வைத்தேன்" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கூரையை உடைத்து மாடி அறை எடுத்தது நம்ம அண்ணைதான், 1990களில். அதை எனக்கு அவர் சொன்னதே இல்லை. இரவு சாப்பாட்டில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கவுன்சிலுக்கு ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"என்னெண்டு குடுக்கிறது தம்பி? நாளைக்கு வீட்டை விக்கேக்க, அயலோட பிணக்கு இருக்கோ எண்டு ஃபாரத்தில கேப்பாங்கள். ஓம் எண்டு எழுதினா ஆர் வாங்குவான்?"

அது உண்மைதான், விற்பவர் நிரப்பும் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. பேசி முடித்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறை லைட்டை அணைத்தார்.